பூஜ்யத்தையும் எழுதணுமா?

ஒரு கேள்வி கேட்கிறேன், கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள். தூண்டில் போடப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்த நாளை நீங்கள் யாரிடமாவது சொன்னதுண்டா?

எங்கள் தூண்டில் நண்பர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தோமான் படம் வரும், செபாராவ் படம் வரும், கையை முன்னால் நீட்டி மீனைப் பெரிசாகக் காட்டும் படம் கட்டாயம் வரும். ஆறு மணி நேரம் வெயிலில் காய்ந்து, ஒன்றுமே கடிக்காமல் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரவே வராது. அந்தக் குழுவை மட்டும் பார்த்து ஒருத்தர் நம்ம ஏரியைக் கணக்குப் போட்டால், தண்ணீரைவிட மீன்தான் அதிகம் என்று நினைத்துக்கொள்வார். அதில் ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால் அது பொய்தான்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஃபிங்கர் லேக்ஸ் என்று 11 நீளமான ஏரிகள் இருக்கின்றன. அங்கே தூண்டில்காரர்கள் சிலர் சம்பளம் இல்லாமல், மாநில அரசின் மீன்வளப் பிரிவுக்காக நாட்குறிப்பு எழுதுகிறார்கள். எந்த ஏரி, என்ன தேதி, எத்தனை பேர், எத்தனை மணி நேரம், என்ன மீன், எவ்வளவு நீளம். பண்ணையில் வளர்த்து ஏரியில் விடும் டிரவுட் மீன்கள் சிலவற்றுக்குத் துடுப்பில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். அதையும் பார்த்து எழுதுவார்கள். ஏரியிலேயே பிறந்தது எது, கொண்டுவந்து விட்டது எது என்று கண்டுபிடிக்க அது உதவும்.

ஒன்றும் கிடைக்காத நாளையும் எழுத வேண்டும். அதிகாரிகளுக்கு வேண்டியது மணிக்கு எத்தனை மீன் என்ற கணக்கு. கிடைத்த நாளை மட்டும் எழுதினால் ஏரி காலியாகிக்கொண்டே இருக்கும்போதும் கணக்கு அழகாக இருக்கும்! பக்கத்தில் நின்று யாரும் பார்ப்பதில்லை. எழுதுகிறவன் நேர்மைதான் எல்லாம்.

"உயிரைக் கொல்றதே பாவம், அதை நோட்டுல எழுதினா பாவம் கழிஞ்சிடுமா?" என்று நம்ம பசங்களே கேட்பார்கள். கழியாது. சைவக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அவர்களோடு நான் வாதாட மாட்டேன். (ஆற்றுக்குப் போய்விட்டு வந்தால் குளிக்காமல் சாமி அறைப் பக்கம் என்னைப் பாட்டி விடமாட்டார்.) ஆனால் பிடிக்கிறவன் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறான். எடுத்ததை அவன் சொல்கிறானா, மறைக்கிறானா என்பது வேறு கேள்வி. ஆறும் ஏரியும் எல்லாருக்கும் சொந்தம். கோயில் திருவிழா வசூலுக்கு வரிசையில் நின்று கணக்குக் கேட்கிறோமே, இதற்கு மட்டும் ஏன் கேட்பதில்லை?

"இடத்தைச் சொன்னா எல்லாரும் வந்து அள்ளிடுவாங்கடா" என்பார் மாமா. அந்தப் பயம் நியாயம்தான். குழுவில் போடாமல் பொறுப்பான இடத்தில் மட்டும் கொடுக்கலாம்.

என் கதைக்கு வருகிறேன். போன வருஷம் ஒரு பழைய ஈயக்குட்டையில் நாலு கிலோ தோமான் ஒன்று பிடித்தேன். அதற்கு முன்னால் தண்ணீர்மேல் சிவப்பாக ஒரு குஞ்சுக் கூட்டம் மூச்சு வாங்க வந்துவிட்டுக் கீழே போனது. குஞ்சு இருக்கும்போது தாயும் தகப்பனும் காவல் நிற்கும், பக்கத்தில் எது விழுந்தாலும் பாயும். பசிக்காக இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அங்கே போட்டேன். படத்தில் மீன் இருந்தது, குஞ்சு இல்லை. "செம ப்ரோ" என்று வரிசையாக வந்தது. காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்கள் விட்டுவைத்திருக்காது.

அன்றைக்கு என் பையில் அப்படி ஒரு நாட்குறிப்பு இருந்திருந்தால் குஞ்சைப் பற்றி எழுதியிருப்பேனா? தெரியவில்லை. ஆனால் எழுத வேண்டியிருக்கும் என்று தெரிந்திருந்தால், தூண்டிலை வீசும் முன் கொஞ்சம் தயங்கியிருப்பேன்.

இப்போது ஒரு 555 புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன், மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே சின்னப் புத்தகம். "முட்டையை எல்லாமா எழுதுவ?" என்று மாமா சிரிக்கிறார். மூன்று ஞாயிறு ஆகிவிட்டது, முதல் பக்கத்தில் மூன்று பூஜ்யம். போன வருஷத்துத் தோமானை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.