எடையற்றது தள்ளுமா?

நிறையே இல்லாத ஒன்று இன்னொன்றைத் தள்ள முடியுமா? பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கும் என்னிடம் இந்தக் கேள்வி ஆண்டுதோறும் வந்துவிடும். உந்தம் என்றால் நிறை பெருக்கல் திசைவேகம் என்று மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு, நிறையில்லாத ஒளித்துகளான ஃபோட்டான் பெரிய குழப்பம்.

கணக்கோ எளிது. ஆற்றலை ஒளியின் வேகத்தால் வகுத்தால் உந்தம். பச்சை லேசரின் ஒரு ஃபோட்டானுக்கு ஆற்றல் சுமார் 3.73 × 10⁻¹⁹ ஜூல். அதை நொடிக்கு 3 × 10⁸ மீட்டரால் வகுத்தால் 1.24 × 10⁻²⁷ கிலோகிராம் மீட்டர்/நொடி. நிறைக்கு இதில் வேலையே இல்லை.

இது காகிதத்தோடு நின்ற கணக்கும் அல்ல. ரஷ்யாவின் பியோத்தர் லெபெதெவ் ஒளியின் அழுத்தத்தை அளந்து 1901-இல் வெளியிட்டார். 2010-இல் ஜப்பான் ஏவிய இக்காரோஸ் விண்கலத்தின் பாயைச் சூரிய ஒளியே தள்ளியது.

"அப்போ ஆன்மாவும் இப்படித்தானா சார்?" என்றாள் ஒரு மாணவி.

திருநீறு பூசிக்கொண்டு வகுப்புக்குப் போகிறவன் நான். ஆன்மா உண்டென்று நம்புகிறவன். ஆனாலும் இல்லை என்றுதான் சொன்னேன். கண்ணாடியில் பட்டு நேரே திரும்பும் ஃபோட்டான் தன் உந்தத்தைப்போல இரு மடங்கைக் கண்ணாடிக்குக் கொடுக்கிறது. அளந்து பிடிக்கலாம். சைவ சித்தாந்தப்படி, எவ்வளவு நுண்ணியதானாலும் அறிவற்ற சடப்பொருள் மாயையின் பக்கம்தான். ஃபோட்டானுக்கும் இடம் அங்கேதான், ஆன்மாவின் பக்கம் அல்ல.

கனமானதே மெய் என்ற முன்முடிவை ஃபோட்டான் உடைக்கிறது. அதற்குமேல் அதை ஆன்மாவுக்குச் சாட்சியாகக் கூண்டிலேற்றுவது அறிவியலுக்கும் நியாயமில்லை, சமயத்துக்கும் நியாயமில்லை.