மறைந்த மூதாட்டியரும் நம் கடனும்

போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நட்டு, அதிலே அவன் பெயரும் பீடும் பொறித்து வழிபட்டது பழந்தமிழ்க் குடி. அடுக்களையில் அறுபது ஆண்டுகள் உழைத்து மறைந்த மூதாட்டிக்கு நாம் செய்வது யாது? சுவரில் ஒரு படம், அதற்கு ஒரு மாலை, ஆண்டுக்கு ஒருமுறை திதி, 'தியாகத்தின் திருவுருவம்' என்னும் ஒரு தொடர். இவற்றோடு நம் கடன் தீர்ந்துவிடுமா?

தியாகம் என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். ஒருவர் தாமே உவந்து ஈந்ததுதான் தியாகம். அவரை ஒரு சொல்லும் கேளாமல் நாம் பெற்றுக்கொண்டதையும் அப்பெயரால் அழைப்பது அறமாகுமா? அவர் மேலும் படிக்க விரும்பினாரா, பிறந்த ஊரை விட்டு வர மனம் ஒப்பினாரா என்று நாம் கேட்டதுண்டா? அலுவலகத்தில் விடை எழுதாமலே கோப்பை முடித்துக் கட்டுவது போல, புகழுரை ஒன்றைச் சூட்டி அவர் வாழ்வை முடித்துக் கட்டிவிடுகிறோம்.

இதற்கு மாறான வழியை நாம் வாழும் மட்டாஞ்சேரியே காட்டுகிறது. 1568இல் எழுந்த பரதேசி யூத ஆலயத்தை அடுத்த தெருவில், சாரா கோகன் அம்மையார் பூவேலைக் கடை நடத்திவந்தார். வழிபாட்டின்போது ஆடவர் அணியும் குல்லாய்களும், ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணிகளும் அவர் கைவண்ணத்தில் மலர்ந்தன. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், 96 வயது மூதாட்டியாக அவர் மறைந்தார். அவருக்கு மக்கள் இல்லை. முதுமையில் அவரைப் பேணியவர் ஓர் இசுலாமிய அன்பர். சிறுவயதில் அத்தெருவில் அஞ்சலட்டை விற்கையில் அக்குடும்பத்தின் அன்பைப் பெற்றவர். அம்மையார் மறைந்த பின்னும் அவர் நினைவைப் போற்றிக் காத்தவரும் அவரே. நினைவுக்கு உரிமை குருதியால் மட்டும் வருவதன்று, பேணுதலால் வருவது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அதே ஊரில் 1912இல் பிறந்த ரூபி டேனியல் அம்மையார் நீதிமன்றத்தில் எழுத்தராகப் பணிபுரிந்தவர். 1951இல் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தார். கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடிவந்த பாடல்கள் அவர்களின் கையெழுத்து ஏடுகளில் இருந்தன. பாடியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துவந்த காலத்தில், ரூபி அவற்றுள் பலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். தம் வாழ்வையும் தம் முன்னோர் பற்றிய செய்திகளையும் சொல்லி, 1995இல் நூலாக்கினார். 2002இல் அவர் மறைந்தார். அவர் காத்தவை மறையவில்லை.

"அவர்களே சொல்லாமல் மறைத்த ஏக்கங்களை நாம் கிளறலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அவர் மறைத்ததைத் துருவும் உரிமை நமக்கில்லை. ஆனால் அவருக்கு ஏக்கமே இருந்ததில்லை என்று மேடையேறிச் சொல்லும் உரிமையும் நமக்கில்லை அன்றோ?

பிழைப்பு நாடி மலை கடந்து வந்த குடும்பங்கள் நம்முடையவை. கடையில் கணக்கெழுதியவர், அலுவலகத்தில் பணிசெய்தவர் பெயர்களேனும் ஏதோ ஒரு பதிவேட்டில் இருக்கும். கோட்டைக் கொச்சியின் டோபிக்கானாவில் துணி வெளுத்தும், பிற மனைகளில் பிள்ளைகளின் நாவில் தமிழை நிலைநிறுத்தியும் வாழ்ந்த மூதாட்டியர் பெயர் எங்கே இருக்கிறது? "பாட்டி" என்று அழைத்தே பழகிய நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அவருடைய இயற்பெயர் தெரியும்?

ஆதலின் நம் கடன் எளியது. இன்று நம்மிடையே வாழும் மூதாட்டியரிடம் அமர்ந்து கேட்போம். பெயரும் ஊரும், கைப்பக்குவமும் பாட்டும், சொல்ல விரும்பினால் மனக்குறையும் கேட்டு, அவர் சொன்னவாறே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்போம். மறைந்த பின் சூட்டும் மாலையினும், இருக்கையில் கேட்கும் ஒரு கேள்வி பெரிது.