சாந்திநிகேதனும் மண்ணுக்குப் பட்ட கடனும்

ஒரு பல்கலைக்கழக வளாகம் நிலைத்த சூழல் தன்மை உடையது, அதாவது வருந்தலைமுறைக்குரிய மண்ணையும் நீரையும் குறைக்காமல் இயங்குகிறது என்று சொல்வதற்கு எது அளவுகோல் என்னும் கேள்விக்கு, மின்சாரச் சிக்கனமும் கழிவு மேலாண்மையும் இன்றியமையாத விடைகளே எனினும் முழுமையான விடைகள் அல்ல. வங்காளத்தின் சாந்திநிகேதன் இன்னும் ஆழமான விடையொன்றைத் தந்தது. 1863-இல் தேவேந்திரநாத் தாகூர் ஏழிலைப்பாலை மரநிழலைத் தியானத்திற்குரியதாகக் கொண்டு ஆசிரமம் அமைத்த அவ்விடம், மழைநீர் செம்மண்ணை அரித்துப் பள்ளங்களாகப் பிளந்த, ‘கோவாய்’ எனப்படும் வறண்ட நிலப்பரப்பை ஒட்டியது. அங்கே 1901-இல் பள்ளியையும் 1921-இல் விசுவபாரதிப் பல்கலைக்கழகத்தையும் நிறுவிய அவர் மகன் இரவீந்திரநாத், மரத்தடியிலேயே வகுப்புகளை நடத்தச் செய்ததோடு, 1928-இல் மரம் நடுதலை, ஐம்பூதங்களை வாழ்த்தும் பாடலும் ஊர்வலமும் கூடிய விழாவாகவே ஆக்கினார். உருவ வழிபாட்டை ஏற்காத பிரம்ம சமாஜ மரபில் வந்த ஒருவர் மரக்கன்றுக்குச் சடங்கு வகுத்தது மிகவும் எண்ணத்தக்கது. ஏனெனில் மரத்தைப் பயன்பொருளாக மட்டும் மதிக்கும் மனம், புதிய கட்டடம் தேவைப்படும் நாளில் அதை வெட்டத் தயங்காது, மண்ணுக்குத் தான் கடன்பட்டிருப்பதை உணர்ந்த மனமோ தன் தேவைக்கே வரம்பு கட்டும். 1941-இல் இரவீந்திரநாத் மறைந்தபின், அவருடைய நினைவுநாளான, வங்காள நாட்காட்டியின் சிராவண மாதம் 22-ஆம் நாளில் அவ்விழா நடைபெற்று வருகிறது.