மாம்பூவும் சூடிய மாலையும்

பூவைக் கண்டு மகிழ்வது வழிபாட்டின் ஒரு பகுதியா, அல்லது வழிபாட்டுக்கு உரியதை மனிதன் தன் கண்ணுக்கென்று முந்தி எடுத்துக்கொள்ளும் செயலா என்ற வினா தென்பாண்டி நாட்டில் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. இறைவனுக்கென்று தொடுத்த மாலையை முதலில் ஒரு பெண் சூடிப் பார்த்தாள் என்பதும், அது குற்றமெனத் தந்தை கலங்கினார் என்பதும், அந்த மாலையையே இறைவன் விரும்பினான் என்பதும் ஸ்ரீவில்லிபுத்தூரின் தலையாய வரலாறு. ஊரின் புகழே அந்த வினாவுக்குக் கிடைத்த ஒரு விடையின்மேல் நிற்கிறது. அவ்வூரிலும், அதற்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தென்மேற்கிலுள்ள ராஜபாளையத்திலும், அப்பால் சேத்தூர், தேவதானம் வரையிலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத் தோப்புகளில் ஆண்டுதோறும் தை, மாசி மாதங்களில் மாமரங்கள் பூக்கின்றன. மாலைக்குக் கிடைத்த விடை, யாரும் மாலையாகத் தொடுக்காத இந்த மாம்பூவுக்கும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை இப்பகுதியில் மலையை ஒட்டியே ஓடினாலும், பூவைப் பார்க்க வருவோர் அதிலிருந்து மேற்கே பிரியும் சிறு சாலைகளில் இறங்கியாக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்கும், ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்கும், தேவதானத்திலிருந்து சாஸ்தா கோவிலுக்கும் செல்லும் சாலைகள் மலையின் மடிப்புகளுக்குள் புகுந்து, ஓடைகளை ஒட்டி, தென்னையும் மாவும் கலந்த தோப்புகளைக் கடந்து காட்டின் விளிம்பில் முடிகின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வறண்ட பகலும் குளிர்ந்த இரவும் சில வாரங்கள் தொடர்ந்து கிடைத்தால்தான் மாமரம் நன்கு பூக்கும். குளிர் குறைந்தாலும், மழை காலம் தவறிப் பெய்தாலும், பூ குறையும் அல்லது கருகும். கிளை நுனியில் கூம்பு வடிவாக எழும் பூங்கொத்தில், செம்மை படர்ந்த காம்புகளின்மேல், அரிசிமணியைவிடச் சற்றே பெரிய வெளிர்மஞ்சள் பூக்கள் சில நூறு முதல் சில ஆயிரம் வரை அடர்ந்திருக்கும். அவற்றுள் பெரும்பங்கு ஆண் பூக்கள். சூலகமும் மகரந்தமும் சேர்ந்த இருபால் பூக்களே பிஞ்சு பிடிக்கும். முற்றிய காயாக மரத்தில் நிற்பது நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. எஞ்சியவை ஈக்கும் தேனீக்கும் விருந்தாகி உதிர்ந்துவிடுகின்றன. செண்பகத்தோப்பின் சாம்பல் நிற அணிலும் (அதற்கென்றே 1988-ல் ஏற்பட்ட சரணாலயம் 2021-ல் புலிகள் காப்பகத்தோடு இணைக்கப்பட்டது) தன் பங்கைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறது.

இம்மரத்தின் இலை திருநாள்தோறும் வாயிலில் தோரணமாகிறது, பழம் நைவேத்தியமாகிறது, இடையே வரும் பூவுக்கு மட்டும் தமிழ்நாட்டுக் கோயில் மாலைகளில் இடமில்லை. வங்கத்தில் சரசுவதி பூசையன்று மாம்பூவைப் படைக்கும் வழக்கம் உண்டென்றாலும், இங்கே அது மரத்திலேயே இருக்கிறது, பார்க்கப்படுகிறது, உதிர்கிறது. ஆகவே, படையலாக மாறும் வாய்ப்பில்லாத ஒரு பூவைக் காணும் இன்பத்துக்குச் சமய மதிப்பு ஏதும் உண்டா என்று கேட்க இதைவிடப் பொருத்தமான பூ கிடைப்பது அரிது.

வழிபாட்டு நெறி பூவைப் பற்றிக் கண்டிப்பானது. முகர்ந்த பூ, தரையில் விழுந்த பூ, ஒருவர் தலையில் சூடிய பூ ஆகியவை அருச்சனைக்கு ஆகா. மனிதர் முதலில் நுகர்ந்தது எச்சிலாகிவிடுகிறது என்பது இதன் அடிப்படை. இறைவன் சூடிக் களைந்த பூவோ நிர்மாலியம் எனப்பெயர் பெற்று, மனிதருக்குப் பிரசாதமாக வந்து சேரும். பூ மேலிருந்து கீழே வரலாம், கீழே நுகரப்பட்டது மேலே போகக்கூடாது என்ற இந்த ஒருவழிப் போக்கைத்தான் பெரியாழ்வார் காத்து வந்தார். நந்தவனம் அமைத்து நாள்தோறும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெருமாளான வடபத்ரசாயிக்கு மாலை கட்டித் தருவதே அவர் மேற்கொண்ட தொண்டு. துளசிச் செடியருகே கண்டெடுத்து அவர் வளர்த்த மகள் கோதை (ஆண்டாள் என்று போற்றப்படுபவள் இவளே), தொடுத்து வைத்த மாலையைத் தான் அணிந்து, அவனுக்கு ஏற்றவளாகத் தோன்றுகிறோமா என்று பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தாள் என்பர்; அவள் முகம் பார்த்த கிணறு இதுவென்று கோயிலில் ஒரு கண்ணாடிக் கிணறு இன்றும் காட்டப்படுகிறது. இந்தக் கதையின் ஈர்ப்பு தமிழோடு நிற்கவில்லை. விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சி 1509–1529) இதையே கருவாகக் கொண்டு ‘ஆமுக்தமால்யதா’ என்ற தெலுங்குக் காவியத்தை இயற்றினார். பக்கத்து ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் ராஜூக்கள் பின்னாளில் குடியேறி வாழ்ந்து வருவதால், ஸ்ரீவில்லிபுத்தூரின் கதை இரு மொழிக்கும் சொந்தமாக இம்மலையடிவாரத்தில் நிலைத்திருக்கிறது.

சூடிய மாலையை இறைவன் ஏற்ற பின்னரும் கோயிலின் விதி மாறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆண்டாளைப் போற்றும் எந்தக் கோயிலும் வேறொருவர் சூடிய மாலையை ஏற்பதில்லை. அவள் செயல் அவளுக்கு மட்டுமே உரிய விலக்கு என்று கொள்வோர் உண்டு. பக்தியின் உச்சத்தில் விதி தானே தளரும் என்று விளக்குவோரும் உண்டு. இரண்டிலும் ஒரு செய்தி விடுபடுகிறது. விதி மூக்கையும் கூந்தலையும்தான் தடுத்தது. கண்ணை அது தடுத்ததே இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு பூப்பறிக்க எந்த நெறியும் சொல்லவில்லை. வாடியதைக் கழித்து, நிறம் பார்த்து, அளவு பார்த்துத் தொடுப்பவரின் கண், மாலை சன்னதியை அடையும் முன்பே அதன் அழகை முழுதும் நுகர்ந்துவிடுகிறது. பெரியாழ்வாரின் கண்ணும் அவ்வாறே நுகர்ந்திருக்க வேண்டும். அவர் கண்ணால் செய்ததை மகள் கழுத்தால் செய்தாள் என்று கொண்டால், அவள் செயல் விதியை உடைத்தது என்பதைவிட, விதி பேசாமல் விட்டிருந்த ஓர் இன்பத்தை வெளிப்படையாக்கியது என்பதே பொருந்தும்.

ஆனால் வைணவ மெய்ப்பொருளியல் இந்த இன்பத்தை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. இராமானுசரின் கொள்கையில் உயிர் ‘சேஷம்’, இறைவன் ‘சேஷி’: தன் சிறப்புக்காக இல்லாமல் பிறிதொன்றின் சிறப்புக்காகவே இருப்பது சேஷம்; யாருடைய சிறப்புக்காக அது இருக்கிறதோ அவன் சேஷி. இந்த உறவை விளக்கப் பூவும் சந்தனமும் வழக்கமாக எடுத்துக்காட்டப்படுகின்றன, ஏனெனில் அவை தமக்காக மணப்பதில்லை. பிள்ளை லோகாசாரியர் ‘முமுக்ஷுப்படி’யில் இன்னும் ஒரு படி மேலே போய், தொண்டில் ‘எனக்காக’ என்ற எண்ணம் கலப்பதைக் களை என்றே குறிப்பிட்டு, அதை அறுக்க வேண்டும் என்கிறார். திருப்பாவையின் 29-ஆம் பாசுரத்தில் ஆண்டாள் வேண்டுவதும் இதுவே என்று உரைகாரர்கள் கொண்டனர். மாலையை ஆசையோடு சூடிப் பார்த்தவளே, தொண்டில் தன் ஆசை கலவாமல் இருக்க வரம் கேட்டாள் என்றால், இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும்? உரைமரபு தரும் வழி நுட்பமானது: இறைவனின் மகிழ்ச்சியைக் கண்டு எழும் மகிழ்ச்சி களையாகாது, அதைத் தனக்கெனத் தனியே ஒதுக்கிக்கொள்வதே களை. ஆண்டாள் மாலையில் தேடியது தன் அழகைத்தான் எனினும், அந்த அழகு யார் கண்ணுக்கு என்பதில் அவளுக்கு ஐயம் இருக்கவில்லை.

மாம்பூவை இந்த நோக்கில் பார்க்க ஆண்டாளின் மற்றொரு நூலே இடம் தருகிறது. நாச்சியார் திருமொழியின் முதற்பதிகத்தில் அவள் தை, மாசி மாதங்களில் நோன்பிருந்து மன்மதனை வேண்டுகிறாள். திருமால் ஒருவனையே நாடும் மரபில் வந்தவள் வேறொரு தெய்வத்தைத் தொழலாமா என்ற கேள்வியை எழுப்பிக்கொண்ட உரைகாரர் பெரியவாச்சான் பிள்ளை, காதல் மிகுதியால் அறிவு கலங்கிய நிலை என்றும், இராமனின் நலத்துக்காக அயோத்தி மக்கள் எல்லாத் தெய்வங்களையும் தொழுததுபோன்றது என்றும் அமைதி காண்கிறார். அமைதி அழகியதே, எனினும் காலத்தையும் இடத்தையும் சேர்த்துப் பார்த்தால் வேறொன்றும் புலப்படும். மன்மதனின் ஐந்து மலர்க்கணைகளுள் மாம்பூவும் ஒன்று; தை, மாசியோ இம்மலையடிவாரத்தில் மாம்பூ நிறையும் பருவம். அவள் யாரை அழைத்தாளோ அவனுடைய அம்பு அந்த வாரங்களில் ஊரைச் சுற்றி மரம் மரமாகப் பூத்திருக்கும். வேனிலின் ஆசை இறைவனை நோக்கித் திரும்பக்கூடியது என்று அவள் நம்பியதற்குச் சான்று பதிகமே ஆகும்.

பறிக்காமல் பார்ப்பதையே பூசையாக்கியவர் தாயுமானவர். 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சைவப் பெரியார், பூசைக்கென்று பூவை நாடிச் சென்றபோது அந்தப் பூவிலேயே இறைவன் இருக்கக் கண்டு பறிக்க மனம் ஒப்பவில்லை என்று பாடியிருக்கிறார். ஏறத்தாழ அந்நூற்றாண்டின் இறுதியில், 1790-ல், ஜெர்மானிய மெய்யியலார் காண்ட் வேறொரு திசையிலிருந்து இதைத் தொட்டார்: பூவைத் தாவரத்தின் இனப்பெருக்க உறுப்பென அறிந்த தாவரவியலாளரும் அதன் அழகைத் தீர்ப்பிடும்போது அவ்வறிவைக் கருதுவதில்லை; பயன் கருதாத காட்சியே தூய அழகுணர்ச்சி என்பது அவர் முடிவு. சப்பானியர் சகுரா மரத்தடியில் கூடுவதும் இவ்வகைக் காட்சியே. அங்கே கொண்டாடப்படும் மரங்கள் பலவும் பூவுக்காக வளர்க்கப்பட்டவை, பழத்துக்காக அல்ல.

ராஜபாளையத்துத் தோப்பில் காண்டின் பிரிவினை செல்லாது. பூ பிடித்திருக்கும் அளவைப் பார்த்தே தோப்புக்கு விலை பேசும் குத்தகைக்காரரின் கண் பயன் கருதிய கண்தான். ஆனால் சாலையில் வண்டியை நிறுத்திப் படமெடுத்துச் செல்பவர் பார்க்காத பலவற்றை அந்தக் கண் பார்க்கிறது. கொத்தைக் கையில் வளைத்துத் தட்டினால் சடசடவென்று தத்துப்பூச்சி பறக்கிறதா, இலைமேல் பிசுபிசுப்பு வழிந்து கரும்பூசணம் படிகிறதா, பூக்காம்பில் வெண்பொடிபோலச் சாம்பல் நோய் தெரிகிறதா, சென்ற ஆண்டு நிறையக் காய்த்த மரம் இவ்வாண்டு ஓய்கிறதா என்பனவெல்லாம் அதற்குத் தெரியும். இங்கேதான் சமய வினா கூர்மையடைகிறது. கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் இறைவன் பருவங்களுள் தான் மலர் நிறைந்த வேனில் என்கிறான். இராமானுசர் இத்தகைய கூற்றுகளை, எல்லாப் பொருளும் இறைவனுக்கு உடலாக, அவன் அவற்றின் உள்ளுயிராக நிற்கிறான் என்ற பொருளில் கொள்கிறார். அப்படியானால் பூ மட்டும் அவன் உடலாகவும், பூவைக் கருக்கும் தத்துப்பூச்சி அயலாகவும் இருக்க வழியில்லை. பூவில் மட்டும் இறைவனைக் கண்டு மகிழ்பவர், அவன் உடலில் தமக்கு உவந்த பகுதியைத் தேர்ந்துகொள்கிறார். உரைகாரர் களையென்றது இங்கே நுழைகிறது. பயன் கருதியவனாயினும் பூவையும் பூச்சியையும் ஒருசேரப் பார்த்து, நூற்றில் ஒன்றுகூட நிற்காதென அறிந்தும் தோப்புக்குக் காவலிருப்பவனின் பார்வை இவ்வகையில் முழுமைக்கு நெருக்கமானது.

இதற்காகக் காணும் இன்பத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலின் நடைமுறையே சான்று. ஆண்டாளின் இடக்கையில் நாள்தோறும் புதிதாக வைக்கப்படும் பச்சைக்கிளிக்கு உடல் இலைகளால் ஆனது, அலகு மாதுளம்பூவால் ஆனது. கனியாகியிருக்கக்கூடிய ஒரு பூ அலகின் சிவப்புக்காகவே பறிக்கப்படுகிறது, அதை வீண் என்று யாரும் எண்ணுவதில்லை. சித்திரையில் மாம்பூவெல்லாம் காயாகி முடிந்திருக்கும் நாளில், அவள் சூடிக்களைந்த மாலை மதுரைக்குப் புறப்படுகிறது. அதை அணிந்தே கள்ளழகர் வைகையில் இறங்குகிறார். புரட்டாசியில் திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும் அவ்வாறே மாலை போகிறது. பூவைக் காண மனிதர் மலையடிவாரத்துக்குச் செல்லும் பயணம் ஒருபுறமிருக்க, மனிதப் பிறவியொன்று நுகர்ந்த பூ இறைவனைத் தேடிச் செல்லும் பயணம் இது.

கனியின் வரலாற்றில் இதற்கு இணை சபரியின் கதை. வால்மீகியில் இல்லாத, பிற்காலப் பக்தி மரபில் வளர்ந்த அக்கதையில் அவள் ஒவ்வொரு பழத்தையும் கடித்துப் பார்த்து இனித்ததை இராமனுக்கு வைத்தாள். இரண்டையும் ஒன்றெனக் கூறும் வழக்கம் உண்டு, ஆனால் சோதனையின் திசை வேறு. சபரி பழத்தைச் சோதித்தாள், அவள் நாவு கருவி. கோதை சோதித்தது மாலையை அன்று, மாலையை அணிந்த தன்னை. மலையடிவாரத்தில் மாம்பூவைக் காண வருபவருக்கு இவ்விரண்டு வழியும் திறந்தே இருக்கின்றன: இவ்வாண்டு பூ எப்படி என்று மதிப்பிட்டுத் திரும்பலாம், அல்லது அந்தப் பூவின்முன் தாம் எப்படி நிற்கிறோம் என்று பார்க்கலாம். முன்னதைச் சாலையோரத்தில் நின்றே செய்யலாம். பின்னதற்குத் தோப்புக்காரரிடம் தத்துப்பூச்சியைப் பற்றியும் கேட்டாக வேண்டும்.