சலுகைப் பாடம்

வயதான மாணவனுக்குப் பாடத்தில் சலுகை காட்டுவது கருணையா, அவமதிப்பா? இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டது ஒரு சின்னஞ்சிறு வாத்தியம். யுகுலேலே என்று பெயர். பார்த்தால் கிதாரின் கைக்குழந்தை. நான்கே நைலான் தந்திகள். 1879-ல் கரும்புத் தோட்டக் கூலிகளாக ஹவாய்த் தீவுக்குக் கப்பலேறிய போர்த்துகீசியர்கள் கொண்டுபோன வாத்தியத்திலிருந்து பிறந்தது. உழைப்பாளியின் கைக்கு அந்நியமானதல்ல.

ஓசூரில் என் நண்பர் ஒருவர் அதைக் கற்கிறார். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த பிறகு அந்த எல்லையூருக்குப் பிழைக்க வந்தவர்களில் அவரும் ஒருவர். லேத்தின் முன் நின்றே ஆயுளின் பாதியைக் கழித்து ஓய்வு பெற்றவர். எல்லா வயதினருக்கும் அவரவர்க்கு ஏற்றபடி கற்றுத் தருவதாகச் சொன்ன ஓர் இளம் ஆசிரியையிடம் பேத்தியைச் சேர்க்கப் போனார், தாமும் சேர்ந்துவிட்டார்.

பேத்திக்குச் சுரவரிசை, தாத்தாவுக்கு முதல் நாளே பாட்டு. முதல் தந்தியில் மூன்றாம் கட்டத்தை ஒரு விரலால் அழுத்தி நான்கையும் மீட்டினால் ஸி மேஜர் என்ற சுரக்கூட்டு ஒலித்துவிடும். இன்னும் இரண்டு மூன்று கூட்டுகள் வந்தால் பழைய சினிமாப் பாட்டு எதையாவது ஓட்டிவிடலாம். மூன்றாம் வாரம் நண்பர் கேட்டாராம்:

"டீச்சரம்மா, குழந்தை தப்பா வாசிச்சா நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொல்றீங்க. நான் தப்பா வாசிச்சா, ரொம்ப நல்லா இருக்கு சார்ங்கறீங்க. ஏன்?"

"உங்களுக்குச் சந்தோஷமா இருக்கணும்னுதான் சார்."

"எங்க பட்டறையில யாரு செஞ்சதை அளந்து பார்க்கமாட்டோம் தெரியுமாம்மா? நாளையிலேருந்து வேலைக்கு வராதவன் செஞ்சதை."

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொழுதுபோக்காகக் கேட்டு வருகிறவன்மீது சரளி வரிசையைத் திணிப்பதும் ஒரு கொடுமையே. ஆளுக்கேற்றபடி பாடம் சொல்வது ஏதோ நேற்றைய நாகரிகமும் அல்ல. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், கேட்பவன் எப்படி ஏற்றுக்கொள்வான் என்பதை அறிந்தே ஆசிரியன் சொல்ல வேண்டும் என்று விதித்திருக்கிறார். அவரை ஆதரித்த சீயகங்கன், ஓசூருக்கு அப்பால் இருக்கிற கோலாரைத் தங்கள் நகரமாகப் பெருமை பேசிய கங்கர் மரபினன். அதே முனிவர் மாணாக்கரை அன்னம், பசு, கிளி, ஓட்டைக் குடம், எருமை என்றெல்லாம் பிரிக்கிறார். பிரித்தது கொள்ளும் இயல்பை வைத்து. தலைநரையை வைத்து அல்ல. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று சொல்லித் திரிகிறோமே, அந்தப் பழமொழியின்மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. எத்தனை பேரை அது வாசற்படியிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது!

கன்னட நாட்டுப் புரந்தரதாசரோ பதினாறாம் நூற்றாண்டில் மாயாமாளவகௌளை ராகத்தில் ஓர் ஏணி அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஐந்து வயதுக்கும் அறுபதுக்கும் ஒரே படிகள். அவரே செல்வ வணிகராக வாழ்ந்து, அதையெல்லாம் உதறிவிட்டுப் பாட வந்தவர் என்பது மரபு. அந்த ஏணியில் மெதுவாக ஏறலாம், மூச்சு வாங்க உட்காரலாம். பாதியில் நிற்பவனிடம் "மாடிக்கு வந்துவிட்டீர்கள்" என்று சொல்கிறோமே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. இனி இவர் எங்கே ஏறப் போகிறார் என்ற தீர்ப்பை இனிப்புத் தடவிக் கொடுத்துவிடுகிறோம்.

உண்மையான சலுகை எது என்று அந்த ஆசிரியையே பின்னர் கண்டுபிடித்தாள். நண்பரின் மோதிர விரல் பழைய விபத்தொன்றில் அடிபட்டு மடங்காமல் போனது. ஜி என்ற கூட்டுக்கு மூன்று விரல்களை முக்கோணமாக வைக்க வேண்டும். அவள் ஒரு மாலை முழுவதும் தன் மோதிர விரலை நீட்டி வைத்துக்கொண்டே வாசித்துப் பார்த்து, அதன் இடத்தில் சுண்டு விரலை வைக்கலாம் என்று காட்டினாள். ஒலி சுத்தமாக வரும்வரை விடவும் இல்லை.

போன வாரம் ஒரே பாடத்தில் ஏழு முறை நிறுத்தினாளாம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தன் நேரத்தையும் தாத்தாவே தின்றுவிட்டார் என்று பேத்திக்குத்தான் வருத்தம்.