புள்ளி விழுந்த படம்

2009இல் வாங்கிய என் கேமராவுக்கு இரண்டு பென்சில் பேட்டரி போதும். 10 மெகாபிக்சல், சட்டைப்பையில் அடங்கிவிடும். பகலில் அதைக் குறை சொல்ல முடியாது. வாசல் கோலமும் தெருக்கோடித் தேர்முட்டியும் ஒரே படத்தில் தெளிவாக விழும். சென்சார் சிறிதாக இருப்பதால் வந்த வரம் அது. பேரப்பிள்ளைகள் கையில் பயமில்லாமல் கொடுக்கலாம். பொழுது சாய்ந்தால்தான் சாயம் வெளுக்கும்.

கார்த்திகை தீபத்தன்று திண்ணையில் 27 அகல் ஏற்றினோம். முதல் படத்தில் ஃபிளாஷ் தானாகவே அடித்துவிட்டது. காரை பெயர்ந்த சுவர், கரண்டு மீட்டர், என் செருப்பு எல்லாம் பளிச்சென்று இருக்க, சுடர்கள் மட்டும் ஏற்றினோமா இல்லையா என்று சந்தேகம் வருமளவுக்கு வெளிறிக் கிடந்தன. ஃபிளாஷை அணைத்து ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றினேன். இப்போது சுடர் வந்தது, சுற்றிலும் ரவையைக் கொட்டியதுபோல் புள்ளிகளோடு. துவரம்பருப்பு அளவு சென்சார், 35 மி.மீ. பிலிம் சட்டத்தின் பரப்பில் முப்பதில் ஒரு பங்குதான். ஐஎஸ்ஓவைக் கூட்டினால் வெளிச்சம் கூடுவதில்லை. கிடைத்த சொற்ப சிக்னலைப் பெருக்குகிறது, கூடவே புள்ளியாகத் தெரியும் இரைச்சலும் பெருகுகிறது.

பேத்தி தன் செல்போனில் அதே திண்ணையை எடுத்தாள். "தாத்தா, பகல் மாதிரி இருக்கு பாருங்க!" போன் பல படங்களை அடுக்கி ஒன்றாக்கி, புள்ளிகளைத் துடைத்து, நிழலையும் வெளுத்திருந்தது. அழகுதான். ஆனால் அங்கே இருட்டு இருந்ததற்குத் தடயமே இல்லை.

எனக்கு உமாபதி சிவம் நினைவுக்கு வந்தார். 14ஆம் நூற்றாண்டுச் சைவ சித்தாந்தி. தம் திருவருட்பயன் நூலில் இருட்டையும், உயிரைப் பிணித்திருக்கும் ஆணவ மலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். இருட்டு பொருள்களை மறைக்கும். ஆனால் 'இங்கே இருட்டு இருக்கிறது' என்று தன்னைக் காட்டிவிடும். ஆணவம் பொருளையும் மறைத்து, தான் இருப்பதையும் மறைத்துவிடும். சித்தாந்த வகுப்பில் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், உதாரணம்தான் கைக்கு வரவில்லை. செல்போனுக்கு ஆணவம் என்று சொல்ல வரவில்லை, சடப்பொருளுக்கு ஏது மலம்? அந்தப் படத்தைப் பார்த்து, இருட்டிலும் எனக்குக் கண் நன்றாகத் தெரிவதாக ஒரு கணம் பூரித்தேனே, அதைச் சொல்கிறேன்.

மறுநாள் புள்ளி விழுந்த படத்தைப் பிரிண்ட் போடக் கொடுத்தேன். ஸ்டுடியோக்காரத் தம்பி அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"சார், இந்தப் புள்ளியெல்லாம் எடுத்துடவா?"