வலியும் வேட்கையும்



பனையிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்ட அன்பர் ஒருவர் எங்கள் தாங்கலுக்கு வருவார். வலிக்கென்று தொடங்கிய டிரமடால் மாத்திரை நாளடைவில் அவரையே விழுங்கியது. பெரும்பாடுபட்டு அதை விட்டார். வலி மட்டும் அவரை விடவில்லை. ஒருநாள் பணிவிடை முடிந்தபின் கேட்டார்: "வலியைத் தாங்குவதுதான் தவமா? மருந்து தேடினால் நான் மறுபடியும் தோற்றவனா?"

அய்யா ஆறு ஆண்டு தவமிருந்தது மக்கள் துயர் தீர; துயரைப் போற்ற அல்ல. நோயோடு வந்தவர்களை மண்ணும் தண்ணீரும் தந்து ஆற்றினார். ஆகவே வலிக்குத் தீர்வு தேடுவது குற்றமன்று. ஆனால் வேட்கை, வலியின் குரலைக் கடன் வாங்கிப் பேசும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அபின் வகை மாத்திரைகள் வலியுணர்வை மூளையிலும் தண்டுவடத்திலும் மட்டுப்படுத்துகின்றன. உடல் பழகப் பழக அதே அளவு போதாமல் போகும். நெடுநாள் உண்டால் சிலருக்கு வலியுணர்வே கூடிவிடும். வலிக்குத் தந்த மருந்தே வலியை வளர்க்கும் இந்த மாயத்தைக் கலி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? 2018இல் அரசு டிரமடாலைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது.

மாற்று வழி உண்டு. அது மெதுவான வழி. பிசியோதெரபி பயிற்சி, தினமும் சிறிது நடை, வெந்நீர் ஒத்தடம், ஒழுங்கான உறக்கம், மருத்துவர் தரும் போதையில்லா மாத்திரை. மனச்சோர்வுக்கான சில மருந்துகள் நரம்பு வலியையும் தணிக்கும். வலி முழுதும் போகாது. வாழ இடம் விடும். அந்த அன்பர் இப்போது வலி எவ்வளவு என்று அளப்பதில்லை, பதிவரை நடக்க முடிந்ததா என்றே அளக்கிறார்.

பள்ளியறைக் கண்ணாடி முன் நின்று கேளுங்கள்: வலிப்பது முதுகா, கேட்பது மனமா? சில நாள் இரண்டும்தான். அதனால் தனியே முடிவெடுக்க வேண்டாம். பழைய பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அறுவை சிகிச்சையின்போது வலிமையான மருந்தே தேவைப்படலாம். அப்போது மாத்திரை வீட்டார் கையில் இருக்கட்டும். அது தோல்வியன்று. இன்றும் அம்மாத்திரை உண்பவர்கள் திடீரென நிறுத்தாமல் மருத்துவர் சொற்படி குறையுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு சொல். மீண்டு வந்தவர் வலிக்கிறது என்றால், "நடிக்கிறான்" என்னாதீர்கள். நம்பாதவர் நடுவில் அவர் மாத்திரையிடமே திரும்புவார். நிழலாகவும் தாங்கலாகவும் இருக்கவேண்டியது கட்டடம் மட்டுமன்று, நாமும்தான்.

அய்யா உண்டு.